வடிவு டீச்சரின் கதவு

முறத்தில் கொள்ளுப் பயறைப் போட்டு யாரோ குலுக்குவது போல ஒரு சத்தம்.

இருட்டில் அது குடிசையைச் சுற்றி வந்தது. நின்றது. மறுபடி குலுக்கியது.

வடிவு டீச்சர் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். வாசலில் கதவு கிடையாது. ஒரு சாக்குப் படுதா தொங்கியது, அவ்வளவுதான். அதன் கீழ் ஓரத்தை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு விடியும்வரை அப்படியே இருந்தாள்.

விடிந்ததும் ஓடைக்கு ஓடினாள். அங்கே தவமணியம்மா கீரை அலசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு கதவு வேணும்."

"எதுக்கு?"

"ராத்திரி என்னமோ வந்துது. கலகலன்னு சத்தம்."

"முள்ளம்பன்றி. முள்ளைச் சிலுப்பினா அப்படித்தான் கேட்கும். மரவள்ளிக் கிழங்குக்கு வருது டீச்சர். உங்களுக்காக வரலை."

"எதுக்கு வந்தா என்ன? எனக்குக் கதவு வேணும். உள்ளே தாழ்ப்பாள் போடுற கதவு."

தவமணியம்மா கீரையை உதறினாள். டீச்சர் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"சரி. செய்ங்க" என்றாள்.

*

மலையடிவாரத்து ஓடைக்கரையில் இருந்த அந்த இடத்தை ஊர்க்காரர்கள் மடம் என்றார்கள். மூன்று குடிசை, ஒரு கிழங்குத் தோட்டம், கண் மங்கிய சாமியார் ஒருவர். மடத்துக்குத் தலைவி தவமணியம்மா.

வடிவு டீச்சருக்கு வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. தவமணியம்மாவுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. ஒரு காலத்தில் டீச்சர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கணக்கில் தேறாமல் போனவள்தான் இந்தத் தவமணி.

இப்போது டீச்சர் சிஷ்யை. அவள் குரு.

கூப்பிடும் முறையில் மட்டும் இருவருக்கும் குழப்பம் தீரவில்லை. இவள் அவளை அம்மா என்றாள். அவள் இவளை டீச்சர் என்றாள்.

"செய்ங்கன்னா? நானா?" என்று ஓடையில் நின்றபடியே கேட்டாள் டீச்சர்.

"இங்கே கடைச் சாமான் கிடையாது. கரண்டியோ கட்டிலோ, வேணும்கிறவங்களே செய்துக்கணும்."

"எனக்குக் கைவேலை வராதும்மா."

"எனக்குக் கணக்கு வரலை. நீங்க விட்டீங்களா?"

டீச்சர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றாள் தவமணியம்மா. "கதவில்லாத குடிசையில மழைக்காலத்துல யாரையும் வெச்சிருக்க மாட்டேன். காட்டுத் தண்ணி உள்ளே வரும், பாம்பு வரும். மழைக்கு முன்னால கதவு ஏறணும். ஏறலைன்னா நீங்க வீட்டுக்குப் போயிருங்க."

வீட்டுக்கு!

டீச்சருக்கு முள்ளம்பன்றியே பரவாயில்லை என்று தோன்றியது.

*

வீடு புளியங்குடியில் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. மகன் வேலைக்காக வடக்கே போய்விட்டான். கொழுந்தன் குடும்பம், நாத்தனார் குடும்பம், அவர்களுடைய பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்கு வாய்த்த மருமக்கள் என்று வீடு எப்போதும் கல்யாண வீடாகவே இருந்தது.

அந்த வீட்டில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. எல்லா வாசலிலும் பாசிமணித் திரை. யார் வந்தாலும் சலசல. யார் போனாலும் சலசல.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய கைகளைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஓரகத்தி பகவதி வயர் கூடை பின்னுவாள். பச்சையும் வெள்ளையும், சிவப்பும் மஞ்சளுமாக, வாங்க ஆளில்லாத கூடைகள். கொழுந்தன் நெல்லையப்பன் தேங்காய்ச் சிரட்டையில் குரங்கு செய்வான். குரங்கைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாது. நாத்தனார் சொர்ணம் கொக்கி ஊசியும் நூலுமாகக் குரோஷா பின்னுவாள். டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, தண்ணீர்ச் சொம்புக்கு உறை. பழைய சேலையைக் கிழித்துப் பின்னிய கால்மிதி இல்லாத வாசற்படி ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை.

டீச்சர் ஒருத்திதான் எதுவும் செய்யாதவள். அவள் வாசிப்பாள். அதாவது, வாசிக்கப் பார்ப்பாள்.

ஒரு மத்தியானம் அவள் புத்தகத்தைத் திறந்தாள். பகவதி வயர் எடுக்க வந்தாள். நெல்லையப்பன் சிரட்டை காயவைக்க ஜன்னலைத் திறக்க வந்தான். கண்ணாமூச்சி ஆடிய பிள்ளையொன்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுக்கக் கை நீட்டினால், அதன்மேல் ரோஜா நிறத்தில் ஒரு குரோஷா உறை.

"என் கண்ணாடிக் கூட்டுக்குக்கூடச் சட்டையா?" என்று கத்தினாள் டீச்சர்.

"தூசி படாதுல்லா மதினி" என்றாள் சொர்ணம்.

"கடையிலே கிடைக்காத ஒரு பொருளை, ஒண்ணே ஒண்ணை, இந்த வீட்டிலே யாராவது செய்திருக்கீங்களா? வேலையத்த வேலை!"

வீடு அன்று முதல்முறையாக அமைதியாக இருந்தது. அந்த அமைதியிலேயே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மடத்துக்கு வந்து தவமணியம்மா காலடியில் உட்கார்ந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு அறை. நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டா யாரும் கூப்பிடக் கூடாது. ஒரு மழைக்காலம் பூரா."

*

போன மழையில் விழுந்த பலாமரத்தை அறுத்துப் பலகைகளாக அடுக்கி வைத்திருந்தார்கள். தவமணியம்மா மரம் சீவும் இழைப்புளியையும் உளியையும் கொடுத்துவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டாள்.

முதல் பலகையை டீச்சர் கெடுத்தாள். இரண்டாவது பலகை அவள் கட்டைவிரலைக் கெடுத்தது.

மூன்றாவது பலகையில் இழைப்புளி ஒருமுறை, ஒரே ஒருமுறை, தடங்கலில்லாமல் ஓடியது. மஞ்சள் சுருள் ஒன்று நீளமாக எழுந்து, சுழன்று, அவள் மடியில் விழுந்தது. பலாப்பழ வாசனை.

டீச்சர் அதை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அதன் ஊடே எதிர்ப்பக்கம் தெரிந்தது.

"அம்மா! இங்கே வாங்க! ஓடி வாங்க!"

பாம்பென்று நினைத்துத் தவமணியம்மா மண்வெட்டியோடு ஓடிவந்தாள்.

"பாருங்க, எப்படி வந்திருக்கு!"

தவமணியம்மா சுருளைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு டீச்சருக்குச் சாப்பாடு மறந்தது. தியானம் மறந்தது. கண்மங்கிய சாமியார் வந்து பலகையைத் தடவி "இங்கே மேடு" என்பார். இவள் இழைப்பாள். "இங்கே பள்ளம்" என்பார். இவள் அந்தப் பள்ளத்துக்காக மீதிப் பலகை முழுவதையும் இழைப்பாள். கைகளில் கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்தது. ராத்திரி அந்தக் காய்ப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்கினாள். முள்ளம்பன்றி வந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

புளியங்குடி வீட்டின் பழைய வாசல்கதவு அவள் மனதில் இருந்தது. அதற்குக் கீல் கிடையாது. கதவின் ஓரத்தில் மேலேயும் கீழேயும் ஒரு குடுமி நீட்டிக்கொண்டிருக்கும். மேல்குடுமி, வாசலைச் சுற்றி நிற்கும் மரச்சட்டமான நிலையின் மேல்கட்டைக் குழியிலும், கீழ்க்குடுமி வாசற்படிக் குழியிலும் நின்று சுழலும். இவளும் அப்படியே குடுமி வைத்தாள். குடிசையின் பழைய கதவைக் கறையான் தின்றிருந்தாலும் நிலை திடமாக நின்றது, குழிகளும் இருந்தன. அளவெல்லாம் ஒரு நூல் பிசகவில்லை. கணக்கு டீச்சராயிற்றே.

கதவு முடிந்தது. மலைமேல் மேகம் கூடியிருந்தது.

மூன்று பேரும் கதவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழ்க்குடுமி குழியில் அழகாக உட்கார்ந்தது. கதவை நிமிர்த்தினார்கள்.

மேல்குடுமி நிலையில் இடித்தது.

சாய்த்துப் பார்த்தார்கள். இடித்தது. முதலில் மேல்குடுமியைச் செருகினார்கள். கீழ்க்குடுமி படியில் இடித்தது.

டீச்சர் தரையில் உட்கார்ந்தாள். குச்சியால் மண்ணில் ஒரு படம் போட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குச்சியை எறிந்தாள்.

"நிலை நிக்கும்போது குடுமிக் கதவு ஏறாதும்மா. கதவையும் நிலையையும் சேர்த்துக் கோத்துத்தான் நிறுத்தணும். அந்த வீட்டுக் கதவை ஆயிரம் தடவை திறந்திருக்கேன். அது எப்படி உள்ளே போச்சுன்னு ஒரு நாள் யோசிக்கலை."

"இப்ப என்ன பண்ணணும்?"

"நிலையைச் சுவரிலிருந்து பெயர்க்கணும். மறுபடி நிலை வைக்கணும்."

"நம்ம ஊர்ல நிலையைச் சொந்தபந்தங்க கைதான் தூக்கும்" என்றாள் தவமணியம்மா.

"எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது."

"எனக்கும் கிடையாது. ஆனா அது ரொம்பக் கனம்."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினாள்.

டீச்சர் மலையைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். போனை வாங்கினாள்.

*

"யாரு?"

"நான்தான். வடிவு."

உடனே பகவதியின் குரல், போனுக்கு வெளியே, தெருவுக்கே கேட்கும்படி.

"ஏ, எல்லாரும் வாங்க! அக்கா பேசுறா!"

பாசிமணித் திரைகள் எல்லாம் ஒன்றாகச் சலசலத்தன. போன் கை மாறியது. சாப்பிட்டியா மதினி. உடம்பு எப்படி இருக்கு. ஆச்சி, எனக்குப் பல் விழுந்துட்டு. இங்கே மழை, அங்கே மழையா?

"நிலை வைக்கணும்" என்றாள் டீச்சர், கிடைத்த இடைவெளியில். "ரெண்டு ஆம்பிளை வந்தாப் போதும். வேற யாரும் வர வேண்டாம்."

"சரிக்கா" என்றாள் பகவதி. "ரெண்டே பேர்."

*

மறுநாள் காலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியது ஒரு வயர் கூடை. அதற்குப் பின்னால் இன்னொரு வயர் கூடை. அதற்குப் பின்னால் பகவதி.

"ரெண்டே பேர்னுதான்க்கா கிளம்பினோம். வேன்ல இடம் இருந்துது."

வேனுக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நெல்லையப்பன், மருமகன்கள், மருமகள்கள், கைக்குழந்தை, பல் விழுந்த பிள்ளை, அடுத்த வீட்டுக்காரர் ஒருவர். "நிலை வைக்கிறதை நான் பார்த்ததே இல்லை பாருங்க" என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

சொர்ணம் கடைசியாக இறங்கினாள். டீச்சரைப் பார்க்கவில்லை. தவமணியம்மாவைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுவா குரு? நம்ம செவத்தாயி மக தவமணில்லா! கணக்குல முட்டை வாங்கிட்டு எங்க வாசல்ல நின்னு அழுததே!"

"ஆமா அத்தை" என்றாள் தவமணியம்மா. "நீங்க முறுக்கு குடுத்தீங்க."

"இப்பவும் கொண்டாந்திருக்கேன். இந்தா."

குரு முறுக்கைக் கடித்தாள்.

கதவு மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். டீச்சர் ஓரமாக நின்றாள். பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்பது போல. டீச்சரான பிறகு அவள் அந்தப் பக்கம் நின்றதே இல்லை.

"நீயாக்கா செய்தே?" என்றாள் பகவதி.

"நான்தான்."

"பூராவுமா?"

"பூராவும்."

நெல்லையப்பன் தட்டிப் பார்த்தான். பிள்ளை மோந்து பார்த்தது. சொர்ணம் முன்னால் வந்தாள். உள்ளங்கையைப் பலகையில் வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள். இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு இடுக்கு இருந்தது. அதில் சுண்டுவிரலை விட்டாள். விரல் உள்ளே போயிற்று.

"கடையிலே இதைவிட நல்ல கதவு கிடைக்குமே மதினி" என்றாள்.

"என் கையால செய்தது சொர்ணம்!"

அப்படிக் கத்துவோம் என்று டீச்சரே நினைக்கவில்லை.

சொர்ணம் விரலை இடுக்கிலிருந்து எடுத்தாள்.

டீச்சர் சொர்ணத்தைப் பார்த்தாள். சொர்ணம் டீச்சரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. யார் எதற்காகக் கலங்கினார்கள் என்று இருவருக்கும் தெரிந்தது.

"அந்த ரோஜா நிற உறை..." என்றாள் டீச்சர்.

"அது கிடக்கு" என்றாள் சொர்ணம். "நிலையை எடுப்போம். மழை வருது."

*

சுவரை இடிக்கிற வேலை பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. நிலையைச் சுற்றி மண் உதிர்ந்தது. நிலை ஆடியது.

"பிடி! பிடி! அந்தப் பக்கம்!"

"ஏ, என் கால்!"

"காலை எடுறா, இல்லைன்னா நிலையை எப்படி எடுக்கிறது?"

நிலையைப் படுக்கவைத்து, மேல்கட்டையைத் தட்டிக் கழற்றி, கதவின் குடுமிகளைக் குழிகளில் கோத்து, மேல்கட்டையை மறுபடி அடித்து இறுக்கினார்கள். கதவும் நிலையும் ஒரே உருப்படியாயின. அதைத் தூக்க அத்தனை கையும் வேண்டியிருந்தது. தவமணியம்மா, சாமியார், அடுத்த வீட்டுக்காரர் என்று யாரும் மிச்சமில்லை. வேன் டிரைவரும் ஓடிவந்து ஒரு மூலையைப் பிடித்தார்.

மண்ணில் பதியுமிடத்தில் மரம் அடிபடாமலிருக்க, வேனிலிருந்து எடுத்த சேலைக் கால்மிதி ஒன்றை மடித்து வைத்தார்கள். அது அப்படியே உள்ளே போய்விட்டது. வெளியே இழுக்க முடியவில்லை.

"இருக்கட்டும்" என்றாள் டீச்சர்.

"தூக்குக்குண்டு எங்கே?" என்றான் நெல்லையப்பன். "நிலை நேரா நிக்குதான்னு பார்க்கணுமே."

தூக்குக்குண்டு இல்லை.

சொர்ணம் இடுப்பிலிருந்து குரோஷா நூல்கண்டை எடுத்தாள். நெல்லையப்பன் சட்டைப் பையில் கையை விட்டான். அவன் பையில் எப்போதும் ஒரு சிரட்டைக் குரங்கு இருக்கும். நூலில் குரங்கைக் கட்டி மேல்கட்டையிலிருந்து தொங்கவிட்டார்கள். குரங்கு இரண்டு சுற்றுச் சுற்றி, எல்லோரையும் ஒருமுறை பார்த்து, நின்றது.

நூலுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு விரல் அகலச் சாய்வு.

"தள்ளு! இடது பக்கம்! குரங்கைப் பார்த்துத் தள்ளு!"

"இப்ப?"

"குரங்கு ஒத்துக்கிடுச்சு!"

டீச்சர் பகவதியிடம் ஒரு துண்டு வயர் வாங்கினாள். நிலையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்துப் பிடித்தாள். அதே துண்டை மற்ற இரண்டு மூலைக்கும் இழுத்தாள்.

"ரெண்டும் ஒரே நீளமா இருந்தாத்தான் நிலை சரியான செவ்வகம். கோணலா இருந்தா ஒண்ணு நீளும், ஒண்ணு குறையும்."

தவமணியம்மா வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

"டீச்சர், மூலைவிட்டம் மூலைவிட்டம்னு கத்துவீங்களே, இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

"அன்னைக்கே ஒரு கதவைக் கொண்டுவந்திருந்தா நான் தேறியிருப்பேனே!"

சிரிப்பில் ஒருத்தன் பிடியை விட்டுவிட்டான். மறுபடி முதலிலிருந்து தள்ளினார்கள்.

சாயங்காலம் நிலை நின்றது. சுற்றிலும் களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பி, முட்டுக் கழி கொடுத்தார்கள். மண் இறுகும்வரை கதவை அசைக்கக் கூடாது.

"சரி" என்றாள் டீச்சர். "ரொம்ப உபகாரம். இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க."

நெல்லையப்பன் தலையைச் சொறிந்தான்.

"நிலை காயாம வந்தவங்க போனா நல்லாருக்காது மதினி. அப்படி ஒரு வழக்கம்."

அந்த வழக்கத்தை டீச்சர் கேள்விப்பட்டதே இல்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தால் அவர்களும் அப்போதுதான் கேள்விப்பட்டது போலிருந்தது. ஆனால் எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். வேன் டிரைவர்கூட.

*

மண் காய்கிற வரைக்கும் மடம் மடமாக இல்லை.

தென்னைக்குத் தென்னை தொட்டில் கட்டினார்கள். அடுப்பு பெரிதாயிற்று. கிழங்குத் தோட்டத்தில் பாதியைத் தின்று தீர்த்தார்கள். கண்மங்கிய சாமியார் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். தியான மேடையில் பகவதி கடை விரித்துவிட்டாள்.

"ஏளா தவமணி, சும்மா உட்கார்ந்திருக்கியே, இந்த வயரைப் பிடி. இதை இப்படி மடக்கி, அதுக்குள்ள விடு. அதுக்குள்ள இல்லை, இதுக்குள்ள!"

"இப்படியா சித்தி?"

"அய்ய! முடிச்சு போடத் தெரியலை, நீ எப்படி மோட்சம் குடுப்பே?"

குரு முடிச்சை அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டாள்.

டீச்சருக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. தாழ்ப்பாள். பலாக்கட்டையில் நீளமாக ஒரு சட்டம் செதுக்கி, அது ஓட இரண்டு கவ்வு செய்யவேண்டும். அவள் மரத்தடியில் உட்கார்ந்து செதுக்கினாள். சொர்ணம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூல் பின்னினாள். ஒரு பக்கம் உளி, ஒரு பக்கம் ஊசி.

"நம்ம வீட்டிலே ஏன் ஒரு அறைக்கும் தாழ்ப்பாள் இல்லை சொர்ணம்? அறைக்கு ஒண்ணு இருந்திருந்தா நான் ஏன் இங்கே வரப்போறேன்?"

சொர்ணம் ஊசியை நிறுத்தினாள்.

"விளையாடுறியா? கழற்றச் சொன்னதே நீதானே மதினி!"

"நானா?"

"உன் பிள்ளை நடக்கப் பழகின சமயம். நடு அறைக்குள்ள போய்க் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டான். திறக்கத் தெரியலை. முதல்ல அழுதான். அப்புறம் அழலை. மறந்துட்டியா?"

டீச்சரின் உளி நின்றது.

மறக்கவில்லை. எங்கேயோ வைத்திருந்தாள். அந்தக் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே சத்தம் நின்றுபோனது. அழுகை கேட்காத அந்த அமைதி. அதைவிடப் பெரிய சத்தத்தை அவள் அதன்பிறகு கேட்டதில்லை.

"கதவை உடைச்சது யாரு?" என்றாள்.

"யாருன்னு சொல்ல? வீட்டில இருந்த அத்தனை பேரும்தான் போய் மோதினோம். பார்த்தா உள்ளே அவன் தூங்கிட்டிருக்கான். நீ அவனைத் தூக்கிக்கிட்டு, இந்த வீட்டிலே இனி ஒரு உள்தாழ்ப்பாள் இருக்கக் கூடாதுன்னு கத்தினே. அப்பா அன்னைக்குச் சாயங்காலமே எல்லாத்தையும் கழற்றிட்டார். அப்புறம் யாருக்கும் போடத் தோணலை."

டீச்சர் கையிலிருந்த சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அது என்ன பின்னுறே?" என்றாள்.

"உனக்கில்லை."

"பின்னே யாருக்கு?"

"தாழ்ப்பாளுக்கு. கைப்பிடி சொரசொரன்னு இருக்கு. உன் கை கிழிஞ்சிரும்."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. தவமணியம்மா மேடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன நிறம்?" என்றாள் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ரோஜா."

"கொஞ்சம் இறுக்கமாப் பின்னு. கழன்று வரக் கூடாது."

*

மண் இறுகியது. நெல்லையப்பன் விரலால் சுண்டிப் பார்த்தான். முட்டுக் கழிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நிலை நின்றது.

முதல் தூறல் விழுந்தது.

"டீச்சர்" என்றாள் தவமணியம்மா. "உங்க கதவு. உங்க அறை. போங்க. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கோங்க. மழைக்காலம் பூரா யாரும் கூப்பிட மாட்டோம்."

வேன் டிரைவர் வண்டியைக் கிளப்பினார். சாமான்கள் ஏறியிருந்தன.

டீச்சர் கதவைத் தள்ளினாள். அது சுழன்றது! ஒரு முனகல் முனகி, குடுமியில் திரும்பி, முழுதாகத் திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

உள்ளே போனாள். வெறும் அறை. ஈர மண் வாசனையும் பலா வாசனையும். ஒரு பாய். திரும்பினாள்.

வாசலுக்கு வெளியே, தூறலில், அத்தனை முகங்கள்.

"ஸ்ஸ்ஸ்" என்றாள் பகவதி, விரலை உதட்டில் வைத்து. "யாரும் சத்தம் போடாதீங்க. அக்கா தியானத்துக்குப் போறா."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. கைக்குழந்தைகூட விழித்துப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த அமைதியில் டீச்சர் கதவின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். லேசாகத் தள்ளினால் கதவு மூடிவிடும். அவள் தள்ளவில்லை.

மழை வலுத்தது.

"நனையிறீங்களே, என்ன வேடிக்கை?" என்று கத்தினாள். "உள்ளே வாங்க! எல்லாரும்! டிரைவர் தம்பி, வண்டியை அணைச்சிட்டு வாங்க!"

கேட்டதும் பாய்ந்தார்கள். பகவதி, கூடைகள், தொட்டில் சேலை, நெல்லையப்பன், சாமியார், குழந்தை, அடுத்த வீட்டுக்காரர். ஒருவர் மடியில் ஒருவர், ஒருவர் தோளில் ஒருவர். ஒருத்தி தியானம் செய்யக் கட்டிய அறை அது.

"மூச்சு விட முடியலைடா!"

"விடாதே, எனக்கு இடம் வேணும்!"

சொர்ணம் கடைசியாக நுழைந்து நூல்கண்டோடு கதவுக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

தவமணியம்மா நிலைப்படியில் ஒரு காலை வைத்தாள். முந்தானையைத் தலைக்குப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் மழை, முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், எனக்கு இடம்?"

டீச்சர் உள்ளே திரும்பிப் பார்த்தாள். ஒரு விரல் நுழைய இடமில்லை.

"தனியா இருந்து உனக்குத்தானே பழக்கம், தவமணி" என்றாள்.

தாழ்ப்பாளைப் போட்டாள்.